இடது எட்டு, வலது ஏழு

"அதை விடுங்க சார்... நான்தான் முதல்ல எடுத்தேன்!"

"நீங்க எடுத்தது வலது கால் பூட்ஸ் மேடம். இடது கால் என் கையில இருக்கு பாருங்க."

வெளியே மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. விளையாட்டுச் சாமான் கடையின் தகரக் கூரையில் அது போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சும்மாவே கத்திப் பேசுகிறவள் அவள். பஸ் கண்டக்டர். காலையிலிருந்து 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று கத்திய தொண்டை, இந்நேரத்துக்கு ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. கழுத்தில் விசில் வேறு தொங்கிக்கொண்டிருந்தது.

பூட்ஸின் ஒரு பக்கத்தை அவள் இழுக்க, மறுபக்கத்தை அவன் இழுக்க, இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த லேஸ் விறைத்து நின்றது. அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஐயோ... என்ன கண்ணுடா இது!

மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, அதற்குக் கீழே சிரிப்பை அடக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த இரண்டு கண்கள். சண்டை போடுகிற ஆளின் கண் இப்படியா இருக்கும்? அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது. கோபம்தானா அது என்று கேட்டால், அவளுக்கே பதில் தெரியாது.

"ஏங்க... அந்த லேஸை அறுத்துடாதீங்க. அப்புறம் ரெண்டு பேர் தலையிலயும் கட்டிடுவேன்" என்றாள் கடைக்கார அக்கா, ஒழுகும் இடத்தில் வாளியை நகர்த்தி வைத்தபடி.

இத்தனை அடிபிடி எதற்கு? கடை முழுக்க அடுக்கடுக்காகப் பூட்ஸ்தான். பச்சை, ஆரஞ்சு, கண்ணைப் பறிக்கும் ரோஸ். எல்லாம் பிளாஸ்டிக் பளபளப்பு. கீழ்த் தட்டில் தூசிக்குள் கிடந்தது மட்டும்தான் அசல் தோல். பழுப்பு நிறக் கன்றுத்தோல். அடிப்பாகத்தைப் பசை போட்டு ஒட்டவில்லை, சுற்றிலும் தைத்திருந்தார்கள். பந்து உதைக்கிற கூட்டத்துக்குத்தான் அதன் அருமை தெரியும்.

"சனிக்கிழமை எங்க டிப்போ டீமுக்கு செமி ஃபைனல் சார். போன மேட்ச்ல என் பூட்ஸ் முதலை மாதிரி வாயைப் பொளந்துடுச்சு. நான் வழுக்கி விழுந்தா, நடிக்கிறேன்னு சொல்லிக் கார்டைக் காட்டுறான் அந்த ரெஃப்ரி! இந்த ரெஃப்ரி ஜாதியே எனக்கு ஆகாது. விசில் கையில கிடைச்சா தலைகால் புரியாது அவனுங்களுக்கு..."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"சரி மேடம். முதல்ல நீங்களே போட்டுப் பாருங்க."

விட்டுக்கொடுத்துவிட்டானே... சண்டைக்காரி ஒரு நொடி தடுமாறிப் போனாள்.

அவள் பூட்ஸைச் சோதித்த அழகைப் பார்க்க வேண்டுமே! அடிப்பாகத்தை வளைத்தாள். தையலில் நகத்தை விட்டு நெம்பினாள். அடியில் இருந்த குமிழ்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருகினாள். அவனோ இன்னொரு பக்கத்தில், தன் கையிலிருந்த பூட்ஸுக்குள் கையை முழுசாக விட்டு, கண்ணை மூடி, உள்ளே தடவிக்கொண்டிருந்தான்.

"ஷூ வாங்குறீங்களா... இல்ல அதுக்கு நாடி பிடிச்சுப் பாக்குறீங்களா?"

"காலு உள்ளதானே போகுது? உள்ள தையல் உறுத்துதான்னு பாக்க வேண்டாமா?"

"உழைக்குமான்னு பாக்கணும் சார் முதல்ல."

"உழைக்கிற வரைக்கும் கடிச்சிட்டே இருந்தா?"

"கடிச்சா பழகிடும்."

"புண்ணுதான் பழகும்."

கடைக்கார அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கண்டக்டருக்கும் சிரிப்பு வந்தது. வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, பையிலிருந்து மேட்ச்சுக்குப் போடும் தடித்த சாக்ஸை எடுத்தாள். அந்த சாக்ஸ் இல்லாமல் பூட்ஸ் வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி. அதனால்தான் சாயங்காலமாகப் பார்த்து வந்திருந்தாள். நின்றே பிழைக்கிற காலுக்கு ஒரு நாளின் வீக்கம் மொத்தமும் அப்போதுதான் தெரியும்.

நிமிர்ந்தால், அவன் கையிலும் ஒரு ஜோடி தடித்த சாக்ஸ்! சட்டைப் பைக்குள் சுருட்டி வைத்து எடுத்து வந்திருக்கிறான். இரண்டு பேரும் ஒருவர் சாக்ஸை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஊர் ஜனத்தொகையில் பூட்ஸ் வாங்க சாக்ஸோடு வருகிற பைத்தியம் தான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தாள் அவள்.

"அது ஏழு" என்றாள் அக்கா. "அதே மாடல்ல எட்டு ஒண்ணு இருக்கு. அவ்ளோதான். இந்த மாடல் இனிமே வராது."

ஏழைப் போட்டாள். வலது கால் வெண்ணெயில் இறங்கியது போல் இறங்கியது. இடது காலில் பெருவிரல் முட்டியது. எட்டைப் போட்டாள். இடது சொகுசாக உட்கார்ந்தது. வலது குதிகால் கழன்று கழன்று வந்தது.

பிறந்ததிலிருந்தே அப்படித்தான். இடது கால் கொஞ்சம் பெரிசு. இரண்டுமே பெரிசுதான், அது வேற கதை. 'பொண்ணாப் பொறந்துட்டுப் படகு மாதிரி காலு' என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப் போனவள். இவனும் இப்போது சொல்லப் போகிறான்... சொல்லட்டும், இருக்கு இவனுக்கு.

அவன் சொல்லவில்லை. தயங்கித் தயங்கித் தன் காலை நீட்டினான்.

"சிரிக்கக் கூடாது... ஆம்பளைக்கு இவ்ளோ சின்னக் காலான்னு வீட்ல எல்லாரும் ஓட்டுவாங்க. அதுலயும் இடதுக்கு ஏழு போதும். வலதுக்கு மட்டும் எட்டு வேணும். போற கடையில எல்லாம் இதே ரோதனை."

அவள் தன் காலைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள்.

இடது எட்டு, வலது ஏழு, இவளுக்கு. இடது ஏழு, வலது எட்டு, அவனுக்கு. கணக்கு இரண்டு பேர் முகத்திலும் ஒரே சமயத்தில் விடிந்தது. கண்ணும் கண்ணும் முட்டிக்கொண்டன... அவள் சட்டென்று லேஸைக் கட்டக் குனிந்துகொண்டாள். கட்டியிருந்த லேஸைத்தான் மறுபடி கட்டினாள், பாவம்.

"ஜோடியைப் பிரிச்சு விக்க மாட்டேன்" என்ற அக்கா, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தாள். "சேர்ந்து வாங்குனா குடுத்துடறேன். எனக்குச் சரக்கு போனா சரி. நீங்க எதை எதோட மாத்திக்கிட்டாலும் அது உங்க பாடு."

கடை வாசலில் மழை விடுவதற்காக நின்றபோது ஆளுக்கொரு பெட்டி கையில் இருந்தது.

"எந்த டீமுக்கு ஆடுறீங்க?"

"டீம்னு எல்லாம் இல்ல... கிரவுண்டுல ஓடிட்டு இருப்பேன். சொந்தமா ஒரு கடை வச்சிருக்கேன்." பேச்சை மாற்றினான். "நனைஞ்சா வெயில்ல காய வைக்காதீங்க. தோல் வெடிச்சிடும். உள்ள பேப்பரைத் திணிச்சு நிழல்ல வைங்க."

"தெரியும்."

"வீட்டுக்குள்ளயே கொஞ்ச நேரம் போட்டு நடங்க. தோல் காலுக்குப் பழகணும்."

"அதுவும் தெரியும் சார்."

"தெரியாதது ஏதாவது இருக்கா?"

உங்க பேரு... என்று கேட்க வந்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். மழை விட்டுத் தொலைத்தது. இன்னும் கொஞ்ச நேரம் பெய்தால் என்ன குறைந்துவிடும் இந்த வானத்துக்கு!

அன்றைக்கு வீட்டில், பூட்ஸோடு அவள் 'டக் டக்' என்று சமையலறைக்குள் நடக்க, அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அடுப்படியில பூட்ஸ் போட்டு நடக்குறவளை எவன்டி கட்டுவான்?"

"பழக்குறேம்மா."

"எதைப் பழக்குற? பூட்ஸையா? பின்ன எதுக்குடி தானா சிரிக்கிற?"

அம்மாக்களுக்கு எங்கேதான் கண் இருக்குமோ!

மறுநாள் காலை பஸ்ஸில், பிதுங்கும் கூட்டத்துக்கு நடுவே 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், மடிப்புக் கலையாத பேண்ட், இஸ்திரி போட்ட சட்டை, காலில் பழுப்பு நிற ஃபுட்பால் பூட்ஸ். மொத்த பஸ்ஸும் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன சார் கோலம் இது?"

"பழக்குறேன் மேடம்."

"பஸ்ஸுலயா? தரை ஓட்டையானா எங்க மேனேஜர் என்னைக் கொன்னுடுவார்."

"ஓட்டையானா நானே அடைச்சுத் தர்றேன்."

அதற்கு மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். கூட்டத்துக்கு நடுவே ஒரு வார்த்தை, ஒரு கிண்டல், டிக்கெட்டை நீட்டும்போது விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு. அவன் ஏறும் நிறுத்தத்தில் மட்டும் அவள் விசில் கொஞ்சம் தாமதமாகவே ஒலித்தது. டிரைவர் கண்ணாடி வழியாக முறைத்தார். முறைக்கட்டுமே.

செமி ஃபைனல் அன்றைக்கு வானம் மூட்டமாக இருந்தது. தூறல். ஈரப்புல்லில் வரிசையாக நின்றபோது அவள் நெஞ்சு முழுக்கத் தெம்பு. காலில் பூட்ஸ் இருப்பதே தெரியவில்லை, அப்படி ஒரு சுகம். நடுவர் வந்தார். கறுப்புச் சட்டை, கறுப்பு டவுசர்... காலில் பழுப்பு பூட்ஸ்.

இடது ஏழு. வலது எட்டு.

ரெஃப்ரியா? இவனா? அப்படியென்றால் கடையில் நான் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு... பஸ்ஸில் சிரித்துச் சிரித்து... என்னை என்னவென்று நினைத்தான்? அவன் அவளைப் பார்த்தான். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு நகர்ந்தான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"பார்றா! ரெஃப்ரியும் பத்தாம் நம்பரும் ஒரே பூட்ஸு!" என்று எதிர் டீம் கேப்டன் இவள் சட்டை எண்ணைக் காட்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தாள். அவன் காது சிவந்ததை இவள் பார்த்தாள்.

இடைவேளைக்குப் பிறகு இடது பக்கமாக வந்த பந்தை, ஓடிக்கொண்டே ஒரு உதை உதைத்தாள். வலை அதிர்ந்தது. கோல்! கையை விரித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் விசில்.

ஆஃப்சைடு. பந்து கிளம்புமுன்பே எதிராளிகளைத் தாண்டிப் போய்விட்டாளாம். கோட்டோரம் நின்ற லைன்மேன் கொடியைத் தூக்கக்கூட இல்லை. இவனே ஊதியிருக்கிறான்!

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" மைதானமே கேட்கக் கத்தினாள். "காசு குடுத்து ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க சார்!"

கேலரியில் கொல்லென்று சிரிப்பு. சிலர் தேவைக்கு மேலேயே சிரித்தார்கள். ஏனென்று அவளுக்குப் புரியவில்லை. அவன் மஞ்சள் கார்டை எடுத்து நீட்டினான்.

கடைசியில் அவர்கள் கேப்டன், டிப்போவில் எல்லோரும் 'மெக்கானிக் அக்கா' என்று கூப்பிடும் தடுப்பாட்டக்காரி, தலையால் முட்டி ஒரு கோல் போட்டு ஜெயிக்க வைத்தாள். டீம் ஃபைனலுக்குப் போய்விட்டது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கைகுலுக்கும்போது அவன் நீட்டிய கையை அவள் பார்க்காதது போல் தாண்டிப் போனாள். போனவளுக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது. மழை, மழை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் பஸ்ஸில் ஏறவில்லை. அந்த நிறுத்தம் வரும், போகும். வந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று ஒரு நாள் நினைத்தாள். வந்தாலே போதும் என்று அடுத்த நாள் நினைத்தாள். வீராப்பு எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்?

டிப்போவில், பஸ்ஸுக்கு அடியிலிருந்து மசிக் கையோடு எழுந்து வந்த மெக்கானிக் அக்கா, போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள்.

"நல்லாப் பாரு. பந்து கிளம்புற நேரத்துல நீ எங்க நிக்குற?"

பார்த்தாள். நிறுத்திப் பார்த்தாள். உடம்பெல்லாம் உள்ளேதான். இடது கால் மட்டும் எதிர் டீமின் கடைசித் தடுப்பாட்டக்காரியைத் தாண்டித் துளி முன்னால் நின்றது.

"எட்டு போட்ட காலு! ஏழு போட்டிருந்தா கோல்டி அது" என்று சிரித்த அக்கா, சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "அந்த ஆளு ஃபைனலுக்கு விசில் ஊத மாட்டேன்னு சொல்லிட்டாராம். எத்தனையோ வருஷமா இந்த ஃபைனலுக்காக நாயா உழைச்ச மனுஷன்... முதல் தடவையா அவரைத்தான் போட்டிருந்தாங்க. நீ போட்ட சத்தத்துல மனசு விட்டுப்போச்சோ என்னவோ."

நியாயமாக ஊதியவனை ஊரே சிரிக்கும்படி கத்தி... ஆசை ஆசையாய்க் காத்திருந்த ஃபைனலையும் கெடுத்து... சீ, என்ன பெண் நான்!

அக்காவிடம் அவன் கடை விலாசம் கேட்டுக்கொண்டு, டியூட்டி முடிந்த கையோடு கிளம்பினாள். போய்ச் சேர்ந்தவள் கடை வாசலில் பெயர்ப் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

மூக்குக் கண்ணாடிக் கடை.

பூமியே பிளந்து என்னை வாங்கிக்கோ! கேலரியில் அப்படிச் சிரித்தார்களே, இதற்குத்தானா?

"வாங்க மேடம்." அவன் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தான். முகம் வாடியிருந்தது. ஆனால் அந்தக் கண்களில் அதே குறும்பு எட்டிப் பார்த்தது. "கண்ணாடி எனக்கா, உங்களுக்கா?"

"எனக்குத்தான்" என்றாள் தலையைக் குனிந்தபடி. "வீடியோ பாத்தேன். ஆஃப்சைடுதான். எனக்குத்தான் கண்ணு தெரியல... மன்னிச்சிடுங்க."

"நானும் மன்னிப்புக் கேக்கணும். நான் ரெஃப்ரின்னு அன்னிக்குக் கடையிலயே சொல்லியிருக்கணும். நீங்க அந்த ஜாதியே ஆகாதுன்னு சொன்னீங்களா... தைரியம் வரல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பஸ்ஸுல ஏறுவேன். உங்களைப் பாத்ததும் மறந்துடுவேன்."

"நான் கத்துனதுக்காக ஃபைனலை விட்டுடுவீங்களா? எத்தனை வருஷக் கனவு..."

"நீங்க கத்துனதுக்காகவா? ரெஃப்ரி வாங்காத திட்டா!" அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. ஆடுற டீம்ல யாராவது சொந்தமோ, வேண்டப்பட்டவங்களோ இருந்தா, முன்னாடியே கமிட்டியில சொல்லிட்டு ஒதுங்கிடணும்."

"எங்க டீம்லயா? யாரு உங்களுக்குச் சொந்தம்?"

அவன் மேசை மேல் கிடந்த துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாயிருந்த ஒரு கண்ணாடியைத் துடைத்தான்.

"லைன்மேனுக்கே தெரியாத ஆஃப்சைடு எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நினைக்கிறீங்க? பந்து வேற எங்கயோ இருந்துச்சு. ரெஃப்ரின்னா பந்தைத்தான் பாக்கணும். நான் உங்களையே பாத்துட்டு இருந்தேன்... ஆட்டம் முழுக்க." துணியை மடித்து வைத்தான். "அன்னிக்கு ஏதோ சரியா ஊதிட்டேன். அடுத்த தடவையும் சரியா ஊதுவேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அதான் கமிட்டியில போய்ச் சொன்னேன். பத்தாம் நம்பர் எனக்கு வேண்டியவங்கன்னு."

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. கடைக்குள் அத்தனை கண்ணாடிகளும் அவளையே பார்ப்பது போலிருந்தது.

"அவங்க... என்ன சொன்னாங்க?"

"அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். அப்போ முதல்ல அதைத் தெரிஞ்சுக்கிட்டு வா, ஒருபக்கமா ஆசைப்பட்டுட்டு நல்ல ஃபைனலை விடாதேன்னாங்க. அந்தப் பக்கம் ஒண்ணுமில்லைன்னா வந்து சொல்லு, உன் பேரையே போட்டுடறோம்னாங்க. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க."

அவள் நிமிர்ந்தாள்.

ஒரே ஒரு வார்த்தை. 'ஒண்ணுமில்ல' என்று அவள் சொல்லிவிட்டால் போதும். அவன் கனவு அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அவன் மேல் உண்மையான அக்கறை இருந்தால் அதைத்தானே சொல்ல வேண்டும்? சொல்லிடுடி... சொல்லிட்டுப் போயிடு...

"எனக்கு..." என்று ஆரம்பித்தாள். "எனக்கு அப்படி எதுவும்..."

வரவில்லை. பஸ் அதிரக் கத்துகிற தொண்டையில் அந்தப் பொய் மட்டும் சிக்கிக்கொண்டது.

அவன் காத்திருந்தான். நல்ல பதிலாக வர வேண்டுமே என்ற தவிப்பை மறைக்கத் தெரியாத அந்தக் கண்கள்... கடையில் முதல் நாள் சண்டை போட்டபோதே இதில் விழுந்துவிட்டேன். இதை எந்தக் கமிட்டிக்காக இல்லையென்று சொல்ல? சொன்னால் இந்த மனுஷன் நம்பிவிடுவான். எழுந்து போய் விசிலை எடுத்துக்கொண்டு, அப்புறம் இந்த ஜென்மத்தில் என் பஸ்ஸில் ஏற மாட்டான்.

"அடுத்த வருஷமும் ஃபைனல் வருமில்ல?" என்றாள் மெதுவாக.

"வரும். உங்க டீம் அதுல இல்லைன்னா நான் ஊதலாம்."

"எங்க டீம் கண்டிப்பா இருக்கும்."

"அப்போ கஷ்டம்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்... பின்னாடி என்னைக் குத்திக் காட்டக் கூடாது."

"மாட்டேன்" என்றான். உடனே சொன்னான், யோசிக்கவே இல்லை.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மேசை மேலிருந்த அவன் போனை எடுத்து அவன் கையிலேயே வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"கமிட்டிக்குப் போன் பண்ணுங்க. அந்தப் பொண்ணுக்கும் அப்படித்தானாம், உங்களை விட ரெண்டு மடங்காம்னு சொல்லுங்க... ஃபைனலுக்கு வேற ரெஃப்ரி வரட்டும்."